ஒரு மாத அறிவித்தல்

கொழும்பு நகரின் காரியாலயம் ஒன்றில் வேலை பார்க்கும் எழுத்தர் தம் உத்தியோகத்தை விட நினைத்தால் என்ன செய்கிறார்? ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதுகிறார். ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டுமென்று உடன்படிக்கை சொன்னால் அந்த மாதத்தையும் பணிபுரிந்து கழிக்கிறார். மனமில்லையேல் ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வெளியேறுகிறார். மேலதிகாரிக்கும் அவருக்கும் இது பற்றிச் சச்சரவு எழலாம். வழக்குக் கூட நடக்கலாம். ஆயினும் அதற்காக அவரைச் சிறையில் அடைப்பவர் யாருமில்லை. அவர் மனைவி மக்கள் படுத்துறங்கும் வீட்டின் கதவைப் பிடுங்குபவரும் இல்லை.

இதே இலங்கையில், அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பச்சைப் பாய் விரித்தாற்போலக் கிடக்கும் தேயிலை மலைகளில், அதே ஒரு மாத அறிவித்தலுக்கு வேறொரு சரித்திரம் உண்டு. "நான் வேலையை விடுகிறேன்" என்று சொல்லும் உரிமையைப் பெறுவதற்கு அங்குள்ள மக்கள் எண்பது ஆண்டுகள் காத்திருந்தனர். பெற்ற பின்னரும் அதை அச்சமின்றிப் பயன்படுத்த முடிந்ததா என்பது தனிக் கேள்வி. அந்தச் சரித்திரத்தையே இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

அடிமைக்கும் கூலிக்காரனுக்கும் உள்ள வேற்றுமை என்ன? கூலி பெறுவது மட்டுமே வேற்றுமையாகாது. எஜமானனை விட்டு விலகிச் செல்ல முடிவதே வேற்றுமை. இலங்கையில் அடிமை முறையின் இறுதி எச்சங்களைப் பிரித்தானிய ஆட்சி 1844ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழித்தது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1841இல், வேலையாட்கள் பற்றிய 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை அதே ஆட்சி பிறப்பித்திருந்தது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டவனைச் சிறைக்கு அனுப்ப அச்சட்டம் வழி செய்தது. ஒரு கையால் விலங்கைக் கழற்றிய அரசாங்கம், மறு கையில் வேறொரு விலங்கைத் தயாராக வைத்திருந்தது.

காப்பித் தோட்டங்கள் பெருகிய காலம் அது. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தனர். பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் குறைந்தால் தோட்டத்துரைக்கு நட்டம். ஆகவே வந்தவனை நிறுத்தி வைப்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் அத்தேவையை நிறைவு செய்தது. தகுந்த காரணமின்றியோ அனுமதியின்றியோ வேலையை விட்டு நீங்கியவன் தன் சம்பளப் பாக்கியை இழப்பான். 5 பவுண், பின்னாளைய கணக்கில் 50 ரூபாய், அபராதம் செலுத்துவான். அல்லது மூன்று மாதம் வரை சிறையிருப்பான்.

50 ரூபாய் என்பது எவ்வளவு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டத்து ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 33 சதம். ஒரு நாளும் தவறாமல் பிரட்டுக்குப் போய், ஒரு சதமும் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால், 150 நாளில் அந்த அபராதத்தைக் கட்டலாம். அதாவது ஐந்து மாத உழைப்பு. கட்ட முடியாதவனுக்குச் சிறைதான் மிஞ்சும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறியாதிருந்திருப்பார்களா?

காப்பியை நோய் தின்றது. தேயிலை வந்தது. 1889இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கென்றே 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. நாட்கூலி பெறுபவனாயினும் வாய்மொழியாகச் சேர்ந்த தொழிலாளி ஒரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவனாகவே கருதப்படுவான். மாதந்தோறும் அவ்வொப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும். முறித்துக்கொள்ள விரும்பும் தரப்பு மற்றத் தரப்புக்கு ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். இதுவே அதன் சாரம்.

படிக்கும்போது எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது! துரைக்கும் ஒரு மாதம், தொழிலாளிக்கும் ஒரு மாதம். தராசின் இரு தட்டிலும் ஒரே எடைக் கல். ஆனால் தராசைப் பிடித்திருந்த கை யாருடையது? அறிவித்தலைக் கொடுக்க வேண்டியது தோட்டத்துக் காரியாலயத்தில். வாங்க வேண்டியவர் துரை. எழுத்தறியாத ஒருவன் வாய்மொழியாகக் கொடுத்த அறிவித்தலை அவர் கேட்கவே இல்லை என்றால், அதற்குச் சாட்சி யார்? மாதம் முடிந்ததென்று அவன் புறப்பட்டுப் போனால், சட்டத்தின் கண்ணில் அவன் ஓடிப்போனவன். பிடியாணை அவன் பின்னே புறப்படும்.

இதனினும் வலிய தளை ஒன்று இருந்தது. அதுவே கடன். ஊரில் வாங்கிய முன்பணம், வழிச் செலவு, அரிசிப் பாக்கி, திருமணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கைமாற்று என்று எல்லாம் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறின. வந்திறங்கும் நாளிலேயே தொழிலாளி கடனாளி. கங்காணியோ தோட்டத்துக்குக் கடனாளி. இக்கடன் சங்கிலியிலிருந்து பிறந்ததே துண்டு முறை. 'துண்டு' என்ற நம் தமிழ்ச் சொல் அப்படியே ஆங்கிலேயரின் ஆவணங்களில் ஏறியது. நம் மொழி அந்தத் துறையில் பெற்ற கௌரவம் அது!

துண்டு என்பது சிறு கடதாசி. இன்ன கங்காணி, இத்தனை ஆட்கள், இத்தனை ரூபாய் கடன். இத்தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுப்பது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று தோட்டம் தோட்டமாக நடப்பான். ஆள் தேவைப்படும் துரை பணத்தைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்வார். கட்டிய பணத்தோடு கங்காணிக்குக் கூடுதல் முன்பணமும் கிடைக்கும். அதுவும் கணக்கில் ஏறும். தோட்டம் மாற மாறக் கடன் குறையவில்லை, வளர்ந்தது. ஆள் பற்றாக்குறைக் காலத்தில் கங்காணி அறிவித்தல் கொடுக்கப்போவதாகப் பயமுறுத்தியே தன் பேரத்தை உயர்த்திக்கொள்ள முடிந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவித்தல் கொடுக்கும் உரிமை தொழிலாளியின் பெயரில் இருந்தது. அதை வைத்து வியாபாரம் செய்தவன் கங்காணி. தனித் தொழிலாளி தன் விருப்பப்படி ஒரு மாதம் சொல்லி விலக நினைத்தால், கடன் முன்னே வந்து நின்றது. கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்தில் இடமில்லை. தீர்க்க வழியுமில்லை. எஞ்சிய வழி இருட்டு ஒன்றுதான். இரவோடு இரவாக மூட்டையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு, காட்டு வழியே இறங்கி நடந்த குடும்பங்கள் எத்தனை! ஓட்டம் என்று துரைமார் பழித்தது, அக்காலத்து மலைநாட்டில் நடைமுறையில் சாத்தியமாயிருந்த ஒரே ராஜிநாமா.

இங்கிலாந்தில் இத்தகைய தண்டனை முறை 1875ஆம் ஆண்டிலேயே நீங்கிவிட்டது. அங்குள்ள தொழிற்சங்கங்கள் போராடி அதை நீக்கச் செய்தன. வேலை ஒப்பந்தத்தை முறிப்பது குற்றமல்ல, சிவில் விவகாரமே என்று லண்டன் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஞானம் கடலைத் தாண்டி நம் மலைக்கு ஏறி வர மேலும் 46 ஆண்டுகள் பிடித்தன. மான்செஸ்டர் நெசவாளிக்கு அநீதியாகத் தோன்றியது தலவாக்கலைக் கொழுந்துக்காரிக்கு நீதியாகத் தோன்றியதன் காரணத்தை வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மாற்றம் தானாக வரவில்லை. இலங்கைக்கும் மலாயாவுக்கும் செல்லும் இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய அனுப்பப்பட்ட மார்ஜோரிபாங்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் 1917இல் தம் அறிக்கையைத் தந்தனர். இலங்கையிலோ பொன்னம்பலம் அருணாசலம் குரலெழுப்பினார். சிவில் சேவையில் உயர் பதவி வகித்து 1913இல் ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக் காலத்தைச் சாய்வு நாற்காலியில் கழித்திருக்கலாம். அவரோ 1919இல் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை அமைத்து, வேலையை விட்டதற்காகக் கூலிகளைச் சிறையிலிடும் சட்டத்துக்கு எதிராக வாதாடினார். அச்சங்கத்தின் செயலாளராக நின்றவர் மலைநாட்டுத் தோட்டக் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞரான பெரி. சுந்தரம்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த முயற்சிகளின் பலன். துண்டு முறை சட்டவிரோதமாயிற்று. வேலையை விட்டுச் சென்ற தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் ஷரத்துகள் நீங்கின. 1841இலிருந்து எண்ணினால் சரியாக எண்பது ஆண்டு. இந்தியாவிலும் இதே இனத்தைச் சேர்ந்த 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1926இல்தான் மறைந்தது என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளலாம்.

சிறைக்கதவு மூடியது. ஆனால் வேறு கதவு திறந்ததா?

துண்டு போன இடத்தில் பற்றுச்சீட்டு வந்து உட்கார்ந்தது. வேலையிலிருந்து முறைப்படி நீங்கியவன் என்று பழைய தோட்டம் தரும் சீட்டு அது. அதைக் காட்டாதவனை மற்றத் தோட்டங்கள் பேர் பதிவதில்லை என்பது வழக்கமாயிற்று. தொழிலாளி கேட்கும்போது கிடைக்க வேண்டிய அந்தச் சீட்டு, கேளாதபோது வந்து விழுவதே அதிகமாயிற்று. சங்கத்தில் சேர்ந்தான், துரையை எதிர்த்துப் பேசினான், நியாயம் கேட்டான் என்றால் ஒரு மாத அறிவித்தலும் பற்றுச்சீட்டும் வீடு தேடி வந்தன. தொழிலாளியின் உரிமையாகச் சட்டம் எழுதி வைத்த ஒரு மாதம், துரையின் ஆயுதமாக மாறிய விதம் இது. மலைநாட்டில் இன்றும் 'பற்றுச்சீட்டு' என்ற சொல்லில் முதியவர்களின் காதுக்கு விடுதலை ஒலிப்பதில்லை. தெருவில் எறியப்பட்ட பானை சட்டியின் ஓசையே ஒலிக்கிறது.

ஏனெனில், வேலை போனால் லயத்துக் காம்பராவும் போயிற்று. பத்துக்குப் பன்னிரண்டடி அறை. அதன் முன் சிறு தோட்டம். மூன்று தலைமுறை பிறந்து இறந்த இடம். அது அவனுடையதல்ல. எழுத்தர் தம் வேலையை விடும்போது வேலையை மட்டும் விடுகிறார். தோட்டத் தொழிலாளி வேலையை விட்டால் வீட்டை, கோயிலை, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை, முன்னோர் புதைந்த மண்ணை ஒருசேர விட வேண்டும். அதற்கு ஒரு மாதம் எப்படிப் போதும்?

இதை உணர்ந்தே கோ. நடேசய்யர் அட்டனில் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். வெளியார் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்குப் போடும் காலத்தில், துணி வியாபாரி வேடத்தில் அவர் லயங்களுக்குள் சென்றார் என்று மலைநாட்டில் சொல்லுவர். அட்டன் தொகுதி 1931இல் பெரி. சுந்தரத்தையும் 1936இல் நடேசய்யரையும் அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸாரின் குண்டுக்குக் கோவிந்தன் பலியானார். அதே ஆண்டு ஜூலையில் ஏழு அம்ச உடன்படிக்கை கைச்சாத்தாகி, தோட்டத்தில் சங்கம் இயங்கும் உரிமையைத் துரைமார் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒரு மாத அறிவித்தலுக்கு முன்னால் தனியே நின்ற தொழிலாளியின் பக்கத்தில் முதன்முறையாக வேறொரு மனிதன் வந்து நின்றான்.

ஆயினும் வரலாறு நேர்க்கோட்டில் செல்வதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. ஒரு சமுதாயத்துக்கே கொடுக்கப்பட்ட வேலைநீக்க அறிவித்தல் என்று அதைச் சொன்னால் தவறாகுமா? இருபக்கத்துக்கும் ஒரு மாதம் என்ற பழைய சட்டத்தின் போலிச் சமத்துவம் கூட அதில் இருக்கவில்லை.

இன்றைய நிலை என்ன? 1957இன் திருத்தச் சட்டத்தால் தொழில் நியாய சபைகள் வந்தன. நியாயமற்ற வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்காடலாம். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி ஐந்தாண்டு சேவை செய்தவர் தாமாகவே விலகினாலும் பணிக்கொடை கேட்கலாம். 2003இல் நாடற்றோர் பிரச்சினைக்கும் சட்டம் முடிவு கண்டது. இவை சிறிய வெற்றிகளல்ல. ஆனால் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குச் சென்ற பின்னும், லயத்து அறையின் உறுதிப் பத்திரம் பெருந்தொகையான குடும்பங்களின் கைக்கு வரவில்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். முழங்கால் நோகும் தாய் மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறாள். "நீங்களும் நின்றுவிடுங்கள் அம்மா" என்று பிள்ளைகள் சொன்னால், "செக்ரோலில் ஒரு பேராவது இருக்கட்டுமடா, காம்பராவைக் கேட்டுவிட்டால்?" என்கிறாள். சட்டம் தந்த உரிமையை அந்த ஒரு கேள்வி தடுத்து நிறுத்திவிடுகிறது.

மலையகத்தின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் கால் தேய்ந்த வழி அது. அந்நடையில் எழுந்த கோரிக்கைகளுள் காணியும் வீடும் முதன்மை பெற்றதில் வியப்பில்லை. வேலைகொடுப்பவனுக்குச் சொந்தமான கூரையின் கீழ் உறங்குபவன் வேலையை விடும் சுதந்திரம் உள்ளவனாகான். 1921இல் சிறைச் சாவியைப் பிடுங்கிவிட்டோம். வீட்டுச் சாவி இன்னும் கைக்கு வரவில்லை. அது வரும் நாளில்தான், அட்டன் மலையில் ஒரு தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அடுத்த மாதத்திலிருந்து நான் வரமாட்டேன்" என்று நிமிர்ந்து சொல்வாள். சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கே திரும்பி நடப்பாள்.