தாய்ப்பால் போதுமா? பச்சிளங்குழந்தையின் ஆற்றல் தேவைக் கணக்கும் அத்திபெலேயும்

கர்நாடகம் முடிந்து ஓசூர் தொடங்கும் எல்லையில், ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது அத்திபெலே. கன்னடமும் தமிழும் தெலுங்கும் புழங்கும் தொழிற்பேட்டை ஊர். இங்கே மட்டுமல்ல, பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் மூன்றாம் மாதவாக்கில் எழும் பேச்சு ஒன்று உண்டு: "பால் பத்தலை." இந்தக் கவலைக்கு ஒரு காலத்தில் அறிவியலே துணைநின்றது.

1973இல் உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 115 கிலோகலோரி வேண்டும் என்றது. ஆறரைக் கிலோ குழந்தைக்கு அது சுமார் 750 கிலோகலோரி. 100 மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 67 கிலோகலோரி இருப்பதால், தாய் தினமும் 1,100 மில்லிக்கு மேல் சுரக்க வேண்டும். பெரும்பாலான தாய்மாருக்குச் சுரப்பதோ 750 முதல் 800 மில்லி. எனவே மூன்று மாதத்துக்குப் பின் தாய்ப்பால் மட்டும் போதுமா என்று ஆய்வாளர்கள் வாட்டர்லோவும் தாம்சனும் 1979இல் 'லான்செட்' இதழில் ஐயுற்றது இயல்பே. அன்றைய வளர்ச்சி அட்டவணைகளும் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளைக் கொண்டு வரைந்தவை. தாய்ப்பால் குடித்த பிள்ளை அவற்றில் பின்தங்கியதாகவே தெரிந்தது.

தவறு அளவுகோலில் இருந்தது. குழந்தைகள் எவ்வளவு உட்கொண்டார்கள் என்பதையே தேவையாகக் கொண்டிருந்தார்கள். 1985 அறிக்கை, அளந்ததில் விடுபட்டிருக்கலாம் என்று 5 விழுக்காடு கூடச் சேர்த்தது. பின்னர், அடையாள அணுக்கள் கொண்ட நீரைக் கொடுத்து, உடல் உண்மையில் செலவழிக்கும் ஆற்றலையே அளக்க முடிந்தது. அதனோடு வளர்ச்சிக்கான பங்கையும் கூட்டிய 2004 அறிக்கையில், ஐந்தாம் மாதத் தேவை கிலோவுக்கு ஏறத்தாழ 81 கிலோகலோரியாக இறங்கியது. அதே ஆறரைக் கிலோ குழந்தைக்கு இப்போது 790 மில்லி பால் போதும். அதற்குமுன் 2001இலேயே உலகச் சுகாதாரப் பேரவை ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று பரிந்துரைத்திருந்தது. 2006இல் இந்தியா (தில்லி) உட்பட ஆறு நாடுகளின் தாய்ப்பால் குழந்தைகளைக் கொண்டு புதிய வளர்ச்சி அட்டவணையும் வந்தது.

நம் பக்கத்துச் சான்று இதற்கெல்லாம் முந்தியது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர். ஏழைத் தாய்மாரின் பால்சுரப்பை ஆராய்ந்து 1958இல் கட்டுரை வெளியிட்டார். சரியான உணவில்லாத அப்பெண்கள் நெடுங்காலம் பாலூட்டிவந்தார்கள். உலக விவாதத்தில் இது பெற்றிருக்க வேண்டிய இடத்தைப் பெறவில்லை என்பது என் கருத்து. அதே காலத்தில் மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை உருவாக்கியது. இறக்குமதி குறைந்தது நல்லதே. பவுடர் டப்பா உள்ளூர்க் கடைக்கும் வந்தது. அதன் விளம்பரத்தைத் தடுக்க 1992இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

ஓசூர் சாலை வழியே பெங்களூருவுக்குள் போனால் கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. குழந்தை குடிக்கும் தாய்ப்பாலை அளக்க அங்கு பயன்பட்ட முறை எளிது: டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன் கொண்ட நீரைத் தாய் அளந்து குடிப்பார், இரண்டு வாரம் தாய், சேய் இருவரின் உமிழ்நீர் மாதிரிகளை எடுப்பார்கள். சேயின் உமிழ்நீரில் சேரும் டியூட்டீரியத்தைக் கொண்டு குடித்த பாலைக் கணக்கிடலாம்.

ஆனால் பால் வெளியேற வெளியேறத்தான் நன்றாக ஊறும். ஆலை வேலைக்குப் போகும் தாய்க்கு எட்டு மணிநேர ஷிப்டில் பால் கட்டிக்கொண்டால் சுரப்பு குறையும். அப்போது "பத்தலை" என்பது மெய்யாகிவிடும். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களில் காப்பகத்தையும், நாளுக்கு நான்குமுறை குழந்தையைப் பார்க்கும் உரிமையையும் தந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துத் தலையெண்ணி, அத்திபெலேயின் ஒவ்வோர் ஆலையிலும் அந்தக் காப்பகம் இயங்குகிறதா என்று தொழிலாளர் துறை நேரில் பார்க்க வேண்டும்.