கிடைக்காததும் இல்லாததும்: பாரிஸ் லா சப்பல் வரலாற்றெழுத்தில் சொல்லடைவும் தேடுபொறியும்

முன்னுரை

பாரிஸ் நகரின் வடபகுதியில், 10ஆம் 18ஆம் வட்டாரங்கள் சந்திக்கும் எல்லையில் அமைந்துள்ளது லா சப்பல். வடக்குத் தொடருந்து நிலையத்தை ஒட்டிய ஃபோபூர் சென் தெனி வீதியின் மேற்பகுதியும், அதனோடு இணையும் சிறு வீதிகளும் கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தமிழரின் கடைத்தெருவாக விளங்கி வருகின்றன. இவ்விடத்தின் பெயரை ஈழத்தமிழர் லா சப்பல், லாசப்பல், லாச்சப்பல் எனப் பலவாறு எழுதுவர். லா ஷப்பெல் என எழுதுவாரும் உளர். நகரின் பெயரும் ஈழத்து எழுத்தில் பரிஸ் என்றும், தமிழ்நாட்டில் பாரிஸ், பாரிசு என்றும் வழங்குகிறது. படிப்பவருக்கு இவை யாவும் ஒன்றே. எழுத்துவடிவை மட்டும் ஒப்பிடும் இயந்திரத்துக்கோ இவை வெவ்வேறு சொற்கள்.

இப்பகுதியின் வரலாற்றை ஆராயப் புகும் இன்றைய மாணவர் முதலில் நாடுவது தேடுபொறியை. அங்கே ஒன்று கிடைக்காதபோது, அது இல்லை என்று முடிவு செய்வது எளிது. கிடைக்காமையிலிருந்து இல்லாமையை முடிவு செய்யும் உரிமையைத் தமிழாய்வு எப்போது, எவ்வாறு பெற்றது என்பதையும், தேடுபொறிக் காலத்தில் அவ்வுரிமை என்னவாயிற்று என்பதையும் லா சப்பலை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாரிசும் தமிழ்ச் சொல்லடைவும்

தமிழ்க் கடைகள் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே தமிழ்ச் சுவடிகள் பாரிசுக்கு வந்துவிட்டன. புதுச்சேரியில் அலுவலராக இருந்து 1854இல் மறைந்த எடுவார் ஆரியேல் திரட்டிய சுவடிகள் இன்றைய பிரெஞ்சு தேசிய நூலகத்தில் உள்ளன. 1912இல் அந்துவான் கபாதோன் வெளியிட்ட சுருக்க அட்டவணை, அந்நூலகத்தின் இந்தியச் சுவடிகளை ஆய்வாளர் தேடிக் கண்டடைய வழிசெய்தது. எது இருக்கிறது, எந்த எண்ணில் இருக்கிறது என்பதைச் சொல்லும் கருவி அது.

நூல்களைத் தேடுவதிலிருந்து சொற்களைத் தேடுவதற்குத் தமிழாய்வு நகர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னராகும். வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. பழந்தமிழ் இலக்கியத்துக்கான சொல்லடைவைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அந்நிறுவனத்தை 1955இல் தொடங்கி வழிநடத்திய ழான் ஃபிலியோசா, பாரிசின் கொலேஜ் து பிரான்சில் பேராசிரியராக விளங்கியவர். 1964இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் தலைவரும் அவரே. சொல்லடைவின் இறுதித் தொகுதி வெளியான 1970இல்தான் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு பாரிசில் கூடியது. அதன் கட்டுரைகளைத் தனிநாயகம் அடிகளாரும் ஃபிரான்சுவா குரோவும் பதிப்பிக்க, அதே புதுச்சேரி நிறுவனம் 1973இல் நூலாக வெளியிட்டது.

இத்தகைய சொல்லடைவுகளால் விளைந்த பயன் விரைவு மட்டுமன்று. எந்நூல்கள், எப்பதிப்புகள் அடைவுக்கு உட்பட்டன என்பதைத் தொகுப்பாளர் முன்னரே சொல்லிவிடுகிறார். சொற்கள் அகர வரிசையில் நிற்கின்றன. முதலில் நிற்கும் சொல் முதன்மையான சொல் என்று எவரும் கருதுவதில்லை. எனவே ஒரு சொல் அடைவில் இல்லையெனில், தொகுப்பாளரின் பிழை நீங்கலாக, அந்நூல்களில் அச்சொல் இல்லை என்று துணியலாம். இல்லாமை இங்கே சான்றாகிறது. சங்கப் பாடல்களில் பல்லவர் பெயர் காணப்படாமையை அப்பாடல்களின் கால ஆராய்ச்சியில் அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருப்பது இத்தகைய சான்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் முழுமையாகத் தேடிய பின்னரே இவ்வாதத்துக்கு வலிமை உண்டாகும். தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் கணினியின் துணையோடு உருவாக்கி 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவிலும் இந்நெறி மாறவில்லை. கருவி மாறியது, அறிவிக்கப்பட்ட எல்லை மாறவில்லை.

தேடுபொறியும் தரவரிசையும்

1998இல் செர்கே பிரினும் லாரி பேஜும் கூகுளின் அமைப்பை விளக்கி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் தரத்தைக் கணிப்பது அவர்தம் முறை. அறிவியல் கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணும் மரபிலிருந்து, குறிப்பாக 1960களில் யூஜின் கார்ஃபீல்டு தொடங்கிய மேற்கோள் அடைவிலிருந்து, இம்முறை கிளைத்ததைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் தொமினிக் கார்தோன் விரித்துரைத்துள்ளார். விளம்பர வருவாயை நம்பும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்ற அச்சத்தை அக்கட்டுரையிலேயே அவ்விருவரும் பதிவு செய்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தேடுபொறியைச் சமூக நிறுவனமாக நோக்கும் ஆய்வு இதையடுத்துத் தோன்றியது. லூக்காஸ் இன்ட்ரோனாவும் ஹெலன் நிசன்பாமும் 2000இல் வெளியிட்ட கட்டுரை, எவை அடைவில் சேர்கின்றன, சேர்ந்தவற்றுள் எவை முன்னே வருகின்றன என்பவை தொழில்நுட்ப வினாக்கள் மட்டுமல்ல, அரசியல் வினாக்களும் ஆகும் என்று வாதிட்டது. பாரிசில் இவ்வினா நாட்டின் பொது விவாதமாயிற்று. 2004 டிசம்பரில் ஐந்து பெரிய நூலகங்களின் நூல்களை மின்னுருவாக்கப் போவதாகக் கூகுள் அறிவித்தது. அப்போது பிரெஞ்சு தேசிய நூலகத்தின் தலைவராக இருந்தவர் வரலாற்றாசிரியர் ழான் நொயேல் ழானெனே. அவர் 2005 சனவரியில் லெ மோந்து நாளிதழில் மறுப்புக் கட்டுரை எழுதினார். அவ்வாண்டிலேயே அதை நூலாக விரித்தார். நூல்கள் மின்னுருப் பெறுவதை அவர் எதிர்க்கவில்லை. அவரது நூலகமே 1997 முதல் கலிக்கா என்னும் மின்னூலகத்தை நடத்தி வந்தது. நூல்களின் வரிசையை வகுக்கும் உரிமை ஒரு தனி நிறுவனத்திடமும், ஆங்கில மொழியின் மேலாட்சியிடமும் சென்றுவிடும் என்பதே அவரது கவலை. ஐரோப்பிய நூலகங்களின் கூட்டு மின்னூலகமான யூரோப்பியானா 2008இல் திறக்கப்பட்டதற்கு இவ்விவாதமும் ஒரு தூண்டுகோல். இலத்தீனில் ‘தேடுகிறேன்’ எனப் பொருள்படும் குவைரோ என்னும் பிரெஞ்சு–செருமானியத் தேடல் திட்டமும் 2005இல் அறிவிக்கப்பட்டது. பின்னர்ச் செருமனி விலகிக்கொள்ள, பிரெஞ்சு அரசு அதற்கு வழங்கவிருந்த 9.9 கோடி யூரோ உதவிக்கு ஐரோப்பிய ஆணையம் 2008இல் ஒப்புதல் அளித்தது.

ழானெனேயின் வாதம் ஆங்கிலத்துக்கு எதிரே ஐரோப்பிய மொழிகளை நிறுத்தியது. ஆனால் அதே வாதத்தைப் பிரெஞ்சுக்கு எதிரே தமிழை நிறுத்தியும் எழுப்பலாம். தேசிய நூலகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள லா சப்பல் அதற்கு ஏற்ற களமாகும்.

லா சப்பலும் அதன் எழுத்தும்

லா சப்பல் 1860 வரை பாரிசுக்கு வெளியே இருந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரித் தமிழர் பிரான்சுக்கு முன்னரே வந்திருந்தாலும், இப்பகுதியைத் தமிழ்க் கடைத்தெருவாக்கியவர்கள் 1980களில், சிறப்பாக 1983 இனக்கலவரத்துக்குப் பின்னர், ஏதிலிகளாக வந்த ஈழத்தமிழரே. பெரும்பாலோர் வசிப்பது புறநகர்களில். தொடருந்துகள் வந்து கூடும் நிலையத்தின் அருகே கடைகள் அமைந்தன. பலசரக்கு, புடவை, நகை, உணவு, பயண முகவர், அச்சகம், ஒளிநாடாக் கடை எனத் தெரு விரிந்தது. 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் 1990களின் நடுப்பகுதி முதல் நடத்திவரும் தேர்த்திருவிழா, இன்று நகரமே அறிந்த நிகழ்வாகும்.

இத்தெரு எழுத்தாலும் ஆனது. பாரிசிலிருந்து வெளிவந்த எக்ஸில், உயிர்நிழல், அம்மா முதலிய சிற்றிதழ்களும், வார ஏடுகளும், ஆண்டு மலர்களும், மரண அறிவித்தல்களும், கோயில் துண்டுப்பிரசுரங்களும், ஊர்ச் சங்க மலர்களும் புலம்பெயர் வாழ்வின் முதன்மை ஆவணங்களாகும். இவற்றுள் பெரும்பகுதி தேடுபொறிக்குப் புலப்படாமைக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது எழுத்துரு. புலம்பெயர் அச்சகங்களில் பெருவழக்காக இருந்த பாமினி போன்ற எழுத்துருக்கள் தமிழ் எழுத்தின் வடிவத்தைத் திரையில் காட்டினவே தவிர, கணினியின் நினைவில் உரோமன் எழுத்துகளையே இட்டுவைத்தன. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் பதிவாகிறது. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும், பழைய எழுத்துருக்கள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் தட்டச்சான கோப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடுவது வீண்முயற்சியாகும்.

இரண்டாவது படவடிவம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து வெளியீடுகளோடு புலம்பெயர் இதழ்கள் பலவற்றையும் மின்னுருவாக்கி அரும்பணி ஆற்றியுள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு இப்பணியின் பொருள் விளக்க வேண்டாதது. எனினும் பக்கம் படமாக நிற்கும் வரை அதனுள்ளிருக்கும் சொல் தேடலுக்கு எட்டாது. தலைப்பும் ஆண்டும் கிடைக்கும். உள்ளே பேசப்பட்ட மனிதரும் தெருவும் கிடையா.

மூன்றாவது சொல்வடிவம். மேற்காட்டிய பெயர் வேறுபாடுகளோடு லாச்சப்பலில், லாச்சப்பலுக்கு, லாச்சப்பலிலிருந்து என வேற்றுமை உருபுகளும் சேர்கின்றன. அச்சு அடைவைத் தொகுப்பவர் இவற்றை ஒரு தலைச்சொல்லின்கீழ் அடக்கி, பிற வடிவங்களின் எதிரே ‘காண்க’ என்று குறிப்பார். அவ்வொரு சொல்லுக்குப் பின்னே மொழியறிந்த ஒருவரின் தீர்ப்பு இருந்தது.

இவற்றின் விளைவு, லா சப்பலைப் பற்றிப் பிறர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியவை முன்னே நிற்க, லா சப்பல் தன்னைப் பற்றித் தமிழில் எழுதியவை பின்தங்குவதாகும். உணவகமும் தேர்த்திருவிழாவும் எளிதில் கிடைக்கின்றன. சிற்றிதழ்களில் நடந்த அரசியல், இலக்கிய விவாதங்கள் கிடைப்பதில்லை. கிடைப்பதை மட்டும் கொண்டு எழுதினால், வணிகமும் விழாவும் அன்றி விவாதமே அறியாத சமூகமாக இது வரலாற்றில் பதிவாகிவிடும்.

வரைபடமும் வைப்பகமும்

இக்குறையை நீக்கும் முயற்சிகளும் பாரிசிலேயே தோன்றின. தானா திமினெஸ்கு தலைமையில் 2012இல் வெளியான மின்புலம்பெயர் நிலப்படத் திட்டம், ஏறத்தாழ முப்பது புலம்பெயர் சமூகங்களின் வலைத்தளங்களைத் தொகுத்து, அவற்றுக்கிடையேயான இணைப்புகளை வரைபடமாக்கியது. அதில் தமிழரைப் பற்றிய பகுதியைப் பிரியா குமார் எழுதினார். தளங்களை ஆய்வாளர் தேர்ந்து, தேர்ந்த முறையையும் அறிவிப்பதால், தேடுபொறியில் மறைந்த எல்லை இங்கே மீண்டும் வெளிப்படுகிறது. எனினும் இணைப்பே அடிப்படை என்பதால், பிறரைச் சுட்டாத, பிறரால் சுட்டப்படாத தளம் இம்முறைக்கு எளிதில் அகப்படாது.

பிரான்சில் 1537இல் முதலாம் பிரான்சுவா மன்னர் தொடங்கிய நூற்படி ஒப்படைப்புச் சட்டம் 2006இல் வலைத்தளங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி தேசிய நூலகம் பிரெஞ்சு வலைப்பக்கங்களைப் படியெடுத்துக் காக்கிறது. ஆனால் அவற்றை நூலகப் படிப்பறைகளில்தான் காணமுடியும். எது காக்கத்தக்கது என்று இனங்காண மொழியறிந்தோர் துணையும் வேண்டும். காக்கப்படுதல் வேறு, கண்டடையப்படுதல் வேறு.

நிறைவுரை

சொல்லடைவிலிருந்து தேடுபொறிக்கு வந்ததில் தமிழாய்வு பெற்றவை பல. இழந்தது ஒன்று: இல்லை என்று சொல்லும் உரிமை. எல்லை அறிவிக்கப்படாத அடைவில், வரிசை முறை மறைந்த அடைவில், கிடைக்காமை எதையும் நிறுவுவதில்லை.

இழந்ததை மீட்கும் பணி பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. தேடுபொறியைப் பயன்படுத்தும் ஆய்வாளர், தேடிய நாள், தேடிய சொல்வடிவங்கள், பயன்படுத்திய பொறி ஆகியவற்றைத் தம் கட்டுரையில் குறிப்பிடுதல் வேண்டும். பழைய எழுத்துருக் கோப்புகளை வைத்திருக்கும் இதழாசிரியரும் அச்சகத்தாரும் உள்ளபோதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புலம்பெயர் இதழ்களின் இடப்பெயர், ஆட்பெயர்களுக்கு, வடிவ வேறுபாடுகளை ஒன்றாக்கிக் காட்டும் ஓர் அடைவு தேவை. 1967இல் புதுச்சேரி செய்து காட்டியது அதுபோன்ற பணியே. சங்கப் பாடல்களின் ஒவ்வொரு சொல்லும் எங்கே வருகிறது என்று சொல்ல வல்ல நாம், நம் தலைமுறையினர் பாரிசில் அச்சிட்ட இதழ்களின் சொற்களுக்கு அவ்வாறு சொல்ல இயலாதிருக்கிறோம். அவ்வடைவு எழும் வரை, லா சப்பலைப் பற்றி ‘தரவு இல்லை’ என்று எழுத நேரும் இடங்களில் ‘எமக்குக் கிடைக்கவில்லை’ என்று எழுதுவதே நேர்மையாகும்.