சாண்டோவின் அளவு நாடா

தமிழ்த் திரைப்படங்களின் தொடக்கத்தில் ‘சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்’ என்னும் பெயரைக் கண்டவர் பலர். அந்த ‘சாண்டோ’ ஊர்ப்பெயரும் அன்று, குலப்பெயரும் அன்று, ஜெர்மானியர் ஒருவரின் மேடைப்பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. உடற்பயிற்சியில் தேர்ந்து விளங்கியமையால் தேவருக்கு அப்பட்டம் வாய்த்தது. ஒரு தனிமனிதரின் பெயர் கண்டங்களைக் கடந்து வந்து, கட்டான உடலுக்கே பட்டப்பெயராகிவிட்டது. ‘தொண்ணூறு நாள்களில் புதிய உடல்’ என்று இன்று நம் இளைஞர்களின் கைப்பேசிக்குள் வந்து அழைக்கும் விளம்பரங்களுக்கெல்லாம் மூலவர் அவரே எனலாம். இத்தகைய பயிற்சித் திட்டங்களை நம்பிப் பணம் கட்டலாமா, அவற்றால் பயன் உண்டா என்னும் கேள்வி இப்போது பங்கு இளைஞர் கூட்டங்களிலும் எழுகின்றது. ‘உடல் அழியக்கூடியது, ஆன்மாவைக் கவனி’ என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடுதல் எளிது. ஆனால் திருச்சபை அவ்வாறு கற்பிக்கவில்லை. எனவே வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

யூஜின் சாண்டோவின் இயற்பெயர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867 இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். (மெய்யியலார் இம்மானுவேல் கான்ட் வாழ்ந்து மறைந்த நகரும் அதுவே. குருமடத்தில் கான்ட்டோடு மல்லுக்கட்டிய எம்போன்றோர்க்கு அந்நகரின் பெயர் வேறு வகையில் பழக்கம்.) அட்டிலா என்னும் மேடைப்பெயர் கொண்ட பேராசானிடம் பளு தூக்கப் பயின்ற சாண்டோ, 1889 இல் இலண்டன் மேடையில் சாம்சன் என்று தம்மை அழைத்துக்கொண்ட பலவானின் அறைகூவலை ஏற்று வென்று, ஒரே இரவில் புகழ் பெற்றார். 1893 இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது அமெரிக்க மக்கள் அவரைக் காணத் திரண்டனர். மறு ஆண்டு எடிசனின் படப்பிடிப்பு நிலையத்தில் அவரது தசை அசைவுகள் படமாக்கப்பட்டன. திரைப்படம் பிறந்தவுடன் கண்ட முதல் உடல்களுள் ஒன்று அவருடையது.

அவருக்கு முன்பும் பலவான்கள் இருந்தனர். இரும்பை வளைத்தனர், குதிரையைத் தூக்கினர், தொப்பையோடும் இருந்தனர். அவர்களைப் பார்த்தவர்கள் வியந்துவிட்டு வீடு திரும்பினர். சாண்டோ செய்த புதுமை, வலிமையைவிட வடிவத்தைக் காட்சிப்பொருளாக்கியதுதான். உடலில் வெண்பொடி பூசி, கிரேக்கப் பளிங்குச் சிலைபோல் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டார். பார்த்தவன், ‘நான் இப்படி ஆக முடியுமா?’ என்று கேட்டான். முடியும் என்று சொல்லி, 1897 இல் இலண்டனில் பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார் சாண்டோ. 1898 இல் இதழ் ஒன்றும் தொடங்கினார். மார்பு, புயம், தொடை ஆகியவற்றின் அளவுகளை நாடாவால் அளந்து படிவத்தில் எழுதி அனுப்பினால், அதற்கேற்ற பயிற்சிமுறை அஞ்சலில் வரும். சுருள்வில் பொருத்திய சிறு கைக்குண்டுகளை அவர் விற்றார். கொக்கோப் பொடியும் விற்றார். ஆனால் அவருடைய சொந்த உடல் அட்டிலாவிடம் கனத்த பளுக்களைத் தூக்கி உருவானது. வாங்கியவன் கையில் இருந்ததோ சிறு கைக்குண்டு. விற்பவரின் உடல் உருவான வழி ஒன்று, விற்கப்படும் வழி மற்றொன்று என்னும் இந்த இடைவெளி அன்று தொடங்கி இன்றுவரை மூடப்படவில்லை.

இவ்வணிகம் செழிக்கக் காலமும் துணைநின்றது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, ஆலை நகரங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் உடல்தகுதியின்மையால் திருப்பி அனுப்பப்பட்டனர். இனமே நலிந்து வருகிறதோ என்னும் அச்சம் பிரிட்டனைப் பற்றிக்கொண்டது. அதனை ஆராய அரசு அமைத்த குழு 1904 இல் அறிக்கை அளித்தது. பட்டினி, நெருக்கடியான குடியிருப்பு, ஆலைப்புகை ஆகியவற்றின் விளைவைத் தனிமனிதனின் தசைக்குறை என்று எண்ணிக்கொள்வது எளிதாயிற்று. கூலி உயர்வு கேட்க வேண்டிய தொழிலாளி கைக்குண்டு வாங்கினான். இதே போருக்கான துயர்துடைப்பு நிதிக்கு உதவும்பொருட்டு, 1901 செப்டம்பர் 14 அன்று இலண்டன் ஆல்பர்ட் அரங்கில் சாண்டோ நடத்திய போட்டியையே முதல் பெரிய உடலழகுப் போட்டி என்பர். சாண்டோவோடு நடுவராய் அமர்ந்தவர்கள் சிற்பி சார்லஸ் லாஸும், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலும். பருமனை மட்டும் பாராமல், உறுப்புகளின் சமநிலை, பொது உடல்நலம், தோலின் நிலை ஆகியவற்றையும் அவர்கள் கணக்கில் எடுத்தனர். பிற்காலப் போட்டிகளோடு ஒப்பிட்டால் இது பாராட்டத்தக்கதே.

வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்? இதற்கு விடை கணக்கேடுகளில் இல்லை. இலக்கியத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய ‘யுலிசிஸ்’ நாவல், 1904 ஜூன் 16 என்னும் ஒரே நாளின் கதை. அதன் நாயகன் லியோபோல்ட் புளூம் வீட்டு அலமாரியில் சாண்டோவின் நூல் இருக்கிறது. இழுப்பறையில், இரண்டு மாதப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த உடலளவுகள் எழுதிய தாளும் இருக்கிறது. மார்பு 28 அங்குலத்திலிருந்து 29½ அங்குலம்! அதன்பின் புளூம் பயிற்சியைக் கைவிட்டுவிட்டான். மீண்டும் தொடங்கவேண்டும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். இயேசு சபைப் பள்ளிகளில் பயின்று பின்னர் திருச்சபையை விட்டு விலகிச் சென்றவர் ஜாய்ஸ். ஆயினும் மனிதரின் நல்ல தீர்மானங்கள் எவ்வாறு தேய்கின்றன என்பதை, தவக்கால மறையுரை எழுதும் எவரையும்விட நன்றாகக் கண்டிருக்கிறார்.

அமெரிக்காவில் இவ்வணிகத்தை வளர்த்தவர் பெர்னார் மெக்ஃபேடன். உடல் வலுவின்மை ஒரு குற்றம் என்பதே அவருடைய இதழின் முழக்கம். அவர் நடத்திய போட்டிகளில் 1921 இலும் 1922 இலும் வென்றவர் ஏஞ்சலோ சிசிலியானோ. இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து சிறுவனாக நியூயார்க் வந்த ஏழைக் குடியேறி. சிற்பிகளுக்கு மாதிரியாய் நின்று பிழைத்தவர். பின்னர் சார்லஸ் அட்லஸ் என்று பெயர் பூண்டு, கருவியே இல்லாமல் ஒரு தசையை மற்றொரு தசையோடு மோதவிடும் பயிற்சியைப் பன்னிரண்டு பாடங்களாக அஞ்சலில் விற்றார். 1929 இல் சார்லஸ் ரோமன் என்னும் விளம்பர வல்லுநர் கூட்டாளியானபின் வணிகம் பெருகிற்று. கடற்கரையில் காதலியின் முன் மணல் எற்றி அவமானப்படுத்தப்படும் மெலிந்த இளைஞன், சில மாதங்களில் திரும்பிவந்து பழிதீர்க்கும் அந்தப் படக்கதை விளம்பரம் சிறுவர் இதழ்களின் பின்னட்டைகளில் பல பத்தாண்டுகள் வந்தது. அப்பாடங்களைச் செய்தவனுக்கு நன்மை விளைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அவை நல்ல பயிற்சிகளே. ஆனால் விற்கப்பட்டது பயிற்சி அன்று. முதலில் வெட்கம் விற்கப்பட்டது. அதற்கு மருந்தாகப் பயிற்சி விற்கப்பட்டது. வலுவின்மையைக் குற்றமென்ற மெக்ஃபேடனையும், தம் வலுவின்மையில் பெருமைகொள்வதாகக் கொரிந்தியருக்கு எழுதிய திருத்தூதரையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். நம் முன்னோர் அத்திருத்தூதரைச் ‘சின்னப்பர்’ என்றே அழைத்தனர். இலத்தீனில் அப்பெயரின் பொருளும் சிறியவர் என்பதே.

இதற்குத் திருச்சபை என்ன சொன்னது? இங்கே நாம் சற்று நேர்மையாகப் பேசவேண்டும். ‘தசைவலிக் கிறிஸ்தவம்’ என்று பெயர் பெற்ற இயக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் திருச்சபையில் எழுந்தது. அதன் முன்னோடியாகிய சார்லஸ் கிங்ஸ்லி, கத்தோலிக்கத் துறவையும் மணத்துறவையும் ஆண்மையற்றவை என்று இகழ்ந்தவர். அவர் தொடுத்த குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகவே நியூமன் 1864 இல் தம் தன்வரலாற்றை எழுதினார். அந்நியூமன் 2019 இல் புனிதராக உயர்த்தப்பட்டார். கிங்ஸ்லிமீது கொண்ட இந்தக் கசப்பினாலோ என்னவோ, உடற்பயிற்சி என்றால் பிற சபையாரின் காரியம் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. சென்னையில் 1920 இல் ஹாரி பக் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். ஆயினும் தொன் போஸ்கோ சிறுவயதில் கயிற்றின்மேல் நடந்து காட்டி, கூடியவர்களுக்கு மறையுரையை மீண்டும் சொன்னவர். திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் 1905 இலும் 1908 இலும் வத்திக்கான் முற்றத்திலேயே இளைஞர்களை உடற்பயிற்சி செய்து காட்டச் செய்தவர். பன்னிரண்டாம் பயஸ் 1945 மே மாதம் உரோமை விளையாட்டு வீரர்களுக்கு ஆற்றிய உரையில், உடலை இறைவனின் படைப்பாக மதித்தே பேசினார். 1992 இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடும் உடல்நலத்தைப் பேணுமாறு சொல்கிறது. அதே மூச்சில், உடலை வழிபாட்டுப் பொருளாக்கி அதற்காக யாவற்றையும் பலியிடும் புதுப் பிற இனத்தார் போக்கை மறுக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

சாண்டோ 1904-05 இல் நம் நாட்டுக்கும் வந்து பல நகரங்களில் காட்சி அளித்தார். பெங்களூரில் கே.வி. ஐயர் 1920களில் உடற்பயிற்சிக் கூடம் நிறுவி, மேலைப் பளுப் பயிற்சியோடு சூரிய நமஸ்காரத்தையும் இணைத்து, அஞ்சல்வழிப் பாடமும் நடத்தினார். அவர் கன்னட நாவலாசிரியரும்கூட. அவரது ‘ரூபதர்சி’ நாவலில், குழந்தை இயேசுவின் ஓவியத்துக்கு மாதிரியாய் இருந்த சிறுவனே பல ஆண்டுகளுக்குப்பின் யூதாசுக்கும் மாதிரியாகிறான். உடலை வடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, வாழ்க்கை முகத்தை வடிக்கும் விதத்தைப் பற்றியும் எழுதத் தோன்றியிருக்கிறது.

1958 இல் நிலைமை மாறியது. டயனபால் என்னும் செயற்கை ஆண்மைச் சுரப்பு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னிருந்த சாண்டோவின் உடலோ அட்லசின் உடலோ, நல்ல பிறவி அமைப்பும் பல்லாண்டு உழைப்பும் வாய்த்த ஒருவன் அடையக்கூடியதே. அதற்குப்பின் வந்த படங்களில் பலவற்றைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. இதயம், கல்லீரல், மனநிலை, மகப்பேற்று ஆற்றல் யாவற்றையும் கெடுக்கவல்ல அம்மருந்துகளால் ஆன உடலைக் காட்டி, ‘இந்தப் பொடியால் வந்தது’ என்று சொல்வது வெறும் மிகைப்படுத்தல் அன்று, பொய். 1990களில் ஹாரிசன் போப் என்னும் அமெரிக்க மனநல மருத்துவரும் அவர் குழுவினரும், மலைபோன்ற தசை இருந்தும் தன்னை நோஞ்சான் என்றே கண்ணாடியில் காணும் இளைஞர்களின் நோயை ஆராய்ந்து பெயரிட்டனர். 1999 இல் அமெரிக்காவில் பெரும் விற்பனை கண்ட நூலொன்று பன்னிரண்டு வாரங்களை வாக்களித்தது. புளூமின் இரண்டு மாதத்தோடு இன்னும் ஒரு மாதம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் பின்பற்றலாமா? என் கருத்து இது. பயிற்சியைப் பின்பற்றலாம், வாக்குறுதியை நம்பவேண்டாம். பளுப் பயிற்சி தொடங்கிய முதற்சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பகுதி நரம்புகள் பழகுவதால் வருவது. தசை வளர மாதங்கள் ஆகும், நிறுத்தினால் தேயும். முன்னொரு காலத்தில் பயிற்சி செய்து விட்டவன் மீண்டும் தொடங்கினால் இழந்தது விரைந்து திரும்பும். எனவே ‘முன்’, ‘பின்’ படங்களில் இருப்பவன் எங்கிருந்து தொடங்கினான் என்பதை நாம் அறியோம். விளக்கொளி, எண்ணெய்ப் பூச்சு, உள்ளிழுத்த வயிறு ஆகியன ஒரே நாளிலேயே இரண்டு படங்களையும் தந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உழைப்பும், இரு நாள்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் மட்டுமே. இதற்கு எவரிடமும் பணம் கட்டவேண்டியதில்லை. வழிகாட்ட ஓர் ஆசான் வேண்டுமென்றால் நல்லதே. அவர் மருந்து விற்காதவராகவும், மூன்று மாதத்துக்கு அப்பால் என்ன செய்வது என்று சொல்லத் தெரிந்தவராகவும் இருக்கட்டும். நாள்கூலித் தந்தையின் சம்பளத்தில் பாதியைப் பொடி டப்பாவுக்குக் கேட்கும் மகனை என்ன செய்வது என்று கேட்கும் தாய்மாருக்கு நான் சொல்வது, மகனைத் திட்டவேண்டாம், முட்டையும் சுண்டலும் பருப்பும் கொடுங்கள் என்பதே. வயிற்றுக்குப் போதாமல் இளைத்த உடலைப் பயிற்சியால் மட்டும் நிமிர்த்த முடியாது.

தவம் என்பதற்குத் திருச்சபைத் தந்தையர் ஆண்ட ‘அஸ்கேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல், முதலில் விளையாட்டு வீரனின் பயிற்சியையே குறித்தது. ஆகவே உடற்பயிற்சியில் நாம் அந்நியரல்லர். ஆனால் பாலைநிலத் துறவியர் தங்கள் நோன்பையே ஐயத்தோடு நோக்கினர். தன்னை மெச்சும் வீண்பெருமை நோன்பிலும் நுழையும் என்பதை அறிந்திருந்தனர். அசிசியார் தம் உடலைக் ‘கழுதைச் சகோதரன்’ என்று அழைத்து வருத்தினார், இறுதியில் அதனிடம் மன்னிப்பும் கேட்டார் என்பர். உயிர்த்த ஆண்டவரின் மாட்சிமிகு உடலிலோ ஆணித்தழும்புகள் இருந்தன. அவை அழிக்கப்படாமலே சீடருக்குக் காட்டப்பட்டன. குறையற்ற தோலும் ஒத்த அளவுமே முழுமை என்று கருதும் கண்ணுக்கு இது விளங்காது. தழும்புள்ள கைகளோடு வயலிலும் கட்டடத்திலும் உழைத்து மாலையில் திருப்பலிக்கு வரும் நம் மக்களுக்கு இது விளங்கும்.

1925 இல் இருவர் இறந்தனர். ஜூலையில், மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்ட தூரின் நகர் இளைஞர் பியர் ஜார்ஜோ ஃபிராசாத்தி, இளம்பிள்ளைவாதத்தால், 24 வயதில். அவர் உதவிவந்த ஏழைகள் இறுதி ஊர்வலத்தில் திரண்டு வந்தபோதுதான், மகன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதைப் பெற்றோர் அறிந்தனர். அக்டோபரில் சாண்டோ, இலண்டனில், 58 வயதில். மனைவியின் விருப்பப்படி அவர் கல்லறையில் பெயரும் பொறிக்கப்படவில்லை. 2008 இல் அவருடைய வழித்தோன்றல் ஒருவர் அங்கே ஒரு கல்லை நிறுத்தினார். ஃபிராசாத்தி 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். மலைச்சரிவில் கைத்தடியோடு நிற்கும் அவரது ஒளிப்படத்தை நம் இளைஞர் மன்ற அறைகளில் இப்போது காணலாம். அந்தப் படம் அவருடைய தோழர்களுக்காக எடுக்கப்பட்டது.