களப்பணிக்குப் பின்னால் வரும் முறையியல்: மும்பையின் இளங்கலை வரலாற்றுப் படிப்பும் புலம்பெயர்ந்தோர் வரலாறும்

இளங்கலை வரலாற்று மாணவர் கட்டாயமாகப் படிக்க வேண்டியது எது, விரும்பினால் படிக்கலாம் என விடத்தக்கது எது என்று ஒரு பல்கலைக்கழகம் வகுக்கும்போது, யாருடைய கடந்த காலம் வரலாறாகக் கொள்ளப்படும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. 1857இல் நிறுவப்பட்ட மும்பைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. வரலாற்றுப் படிப்பு இதற்குத் தக்க சான்றாகும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தொடங்கிக் கழிமுகத்துக்கு அப்பாலுள்ள சான்பாடா வரை தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களின் பிள்ளைகளும் தம் நகரத்தின் வரலாற்றை அதன் வழியாகவே கற்கின்றனர்.

அண்மைக்காலம் வரை நடைமுறையில் இருந்த மூன்றாண்டுப் படிப்பில் முதலாண்டு நவீன இந்தியாவுக்கும், இரண்டாமாண்டு உலக வரலாற்றுத் திருப்பங்களுக்கும் பண்டைய இந்தியாவுக்கும் உரியனவாக இருந்தன. இறுதியாண்டில் வரலாற்றை மட்டுமே முதன்மையாகக் கொண்டவர் இடைக்கால இந்தியா, மராத்தியர் வரலாறு, நவீன மகாராஷ்டிரம், 1945க்குப் பிந்தைய உலகம் முதலிய ஆறு தாள்களைப் பயின்றனர். நவீன மகாராஷ்டிரத் தாள், பேஷ்வா ஆட்சி முடிந்த 1818இல் தொடங்கி, மாநிலம் உருவான 1960இல் நிறைவுறுவது. மொழிவழி மாநிலத்தின் பிறப்பையே முடிவெல்லையாகக் கொண்ட ஒரு தாளில், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத உழைப்பாளர்கள் பின்னணியாக மட்டுமே தென்படுவது இயல்பு.

மராத்தியர் வரலாற்றுத் தாளோ இதற்கு நேர்மாறான பயணத்தைக் கற்பித்தது. 1677இல் சிவாஜி தெற்கே படையெடுத்துச் செஞ்சியைக் கைப்பற்றியதும், பின்னர் அவர் மகன் ராஜாராம் அதே கோட்டையிலிருந்தபடி 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையை எதிர்கொண்டதும் அதன் எல்லைக்குள் அடங்கின. தஞ்சையை 1855 வரை ஆண்ட மராத்தியர் மரபு விட்டுச்சென்ற மோடி எழுத்து ஆவணங்கள், மகாராஷ்டிர வரலாற்றுக்குத் தமிழ் மண்ணிலேயே சான்று கிடைக்கும் என்பதை மெய்ப்பிக்கின்றன. மராத்தியர் தெற்கே சென்றது பாடமாக இருந்தபோது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டவர்களின் வருகை தனித் தாளுக்கு உரியதாகாமல் போனது ஏற்கத்தக்கதன்று.

புதிய கல்விக் கொள்கையை ஒட்டி மகாராஷ்டிர அரசு 2023இல் வகுத்த கட்டமைப்பு, தன்னாட்சிக் கல்லூரிகளில் 2023–24இலும் இணைவுக் கல்லூரிகளில் 2024–25இலும் நடைமுறைக்கு வந்தது. இதில் பட்டம் ‘கிரெடிட்’ கணக்கில் அளவிடப்படுகிறது. ஒரு கிரெடிட் என்பது ஒரு பருவத்தில் 15 மணி நேர வகுப்பு அல்லது 30 மணி நேரச் செய்முறை அல்லது களப்பணி. முதன்மைப் பாடம், துணைப் பாடம் ஆகியவற்றுடன் இரண்டாமாண்டில் 2 கிரெடிட் அளவில் களத்திட்டமும் இடம்பெறுகிறது. இந்த 60 மணி நேரமே, நகரத்தின் விடுபட்ட வரலாறு பட்டப்படிப்புக்குள் நுழையக் கிடைத்த வாசல்.

அவ்வாசலில் எதைக் காண முடியும் என்பதற்குச் சான்பாடாவே போதும். 1970இல் அமைக்கப்பட்ட சிட்கோ என்னும் நகர வளர்ச்சி நிறுவனம் ஆக்ரி, கோலி மக்களின் ஊர் நிலங்களைக் கையகப்படுத்தி நகரமாக்கிய பரப்பில், 1992இல் மான்கூர்டிலிருந்து வாஷிக்கு ரயில் வந்த பிறகு குடியேற்றம் பெருகியது. நிலத்தை இழந்தவரின் நினைவும், வீடு தேடி வந்தவரின் நினைவும் அங்கே அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியொன்றின் சேர்க்கைப் பதிவேட்டில் ‘பிறந்த இடம்’, ‘தாய்மொழி’ என்னும் இரு பத்திகளை ஆண்டுவாரியாகப் படித்தாலே, எந்தக் காலத்தில் எந்த ஊரார் வந்தனர் என்ற வரைபடம் உருவாகத் தொடங்கும். ஆனால் பதிவேடு பிழைபடவும் கூடும்: எழுத்தர் காதில் விழுந்தபடி ஊர்ப்பெயர் திரிந்திருக்கலாம், சேர்க்கைக்காகப் பிறந்த தேதி மாற்றப்பட்டிருக்கலாம். அவற்றை ஐயுற்றுச் சரிபார்க்கும் பயிற்சியே வரலாற்று முறையியல், அதாவது சான்றின் நம்பகத்தை மதிப்பிடும் கலை.

குறை இங்குதான் உள்ளது. ஆய்வு முறையியல் இக்கட்டமைப்பில் ஏழாம் பருவத்தில், அதாவது நான்காம் ஆண்டில் வைக்கப்பட்டிருக்கிறது. களத்திட்டமோ இரண்டாமாண்டிலேயே வந்துவிடுகிறது. மூன்றாண்டோடு பட்டம் பெற்று வேலைக்குச் செல்பவர், களத்துக்குப் போய்வந்தும், அங்கே கேட்டதை எவ்வாறு சோதிப்பது என்பதற்கான அந்தத் தனித்தாளைப் படிக்காமலேயே வெளியேறுவார். அறுபது மணி நேரத்தில் ஆய்வு செய்ய இயலாது என்பதும், ஆசிரியர் பலருக்குத் தமிழ் தெரியாது என்பதும் நியாயமான மறுப்புகளே. எனினும் வாய்மொழிச் சான்று குறித்த அடிப்படைப் பயிற்சியைக் களத்திட்டத்துக்கு முந்தைய பருவத்துக்குக் கொண்டுவருவதும், மாணவர் தம் வீட்டு மொழியில் எடுத்த நேர்காணலை மராத்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணைத்துத் தர அனுமதிப்பதும் புதிய தாள் எதையும் கோரும் மாற்றங்கள் அல்ல. இருக்கும் தாள்களின் வரிசையையும் மதிப்பீட்டு விதியையும் திருத்தினால் அவை கைகூடும்.