பற்றரி திடீரென்று சாவதில்லை

"நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது!" காலையில் கார் ஸ்ராட் ஆகாவிட்டால் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் பெரும்பாலான பற்றரிகள் பல மாதங்களாகச் செத்துக்கொண்டிருந்தவை. நாங்கள்தான் கவனிப்பதில்லை.

1859இல் பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமிலப் பற்றரிதான் இன்றைக்கும் எங்கட கார்களில் இருக்கிறது. 1912இல் கடிலாக் கார் மின்சார ஸ்ராட்டருடன் வந்தது. அதன் பிறகு கார் பற்றரியின் முக்கிய வேலை, சில விநாடிகளுக்குப் பெரிய மின்னோட்டத்தைக் கொடுப்பது. அதற்காகவே தகடுகளை மெல்லியதாகச் செய்கிறார்கள். கார் ஓடத் தொடங்கியதும், இழந்த சார்ஜ் திரும்ப ஏறிவிடும். பற்றரியை முழுதாக வடியவிட்டு அப்படியே வைத்தால் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படியும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. வெக்கை கூடின இடத்தில் ஆயுள் இன்னும் குறையும்.

எங்கட பெற்றோர் தலைமுறை இந்தப் பாடத்தை யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள்ளேயே படித்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. மின்சாரம் நின்றது. எரிபொருள், சீமெந்து, சவர்க்காரம் என்று நீண்ட தடைப்பட்டியலில் பற்றரியும் இருந்தது. இராணுவத் தேவைக்குப் பயன்படும் என்பது அரசு சொன்ன காரணம். தேய்ந்த ரோர்ச் பற்றரிகளைச் சனம் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்டது. கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின.

கார் பற்றரியோ வீட்டுக்குள் வந்து றேடியோவுக்கும் சின்ன பல்புக்கும் மின்சாரம் கொடுத்தது. அது செய்யப்பட்டது அந்த வேலைக்கல்ல. இரவிரவாக வடிந்தது. திரும்ப சார்ஜ் ஏற்ற எரிபொருள் வேணும், அதுவும் தடை. புதுசு வாங்கவும் வழியில்லை. ஆகவே அது தன் காலத்துக்கு முன்னமே செத்தது. செய்தி நடுவில் றேடியோ அடங்கிப்போனால், உறவுகள் இருக்கிற ஊரில் என்ன நடந்ததென்று தெரியாமலே அந்த இரவு போகும்.

எங்கட போர் வரலாறுகளில் தாக்குதல்களும் திகதிகளும் நிறைய இருக்கின்றன. பற்றரியைக் காணவில்லை. தடை என்பது ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று விளங்க, இப்படியான பொருட்களையும் எழுதத்தான் வேணும். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். இன்றைக்கே கேட்போம். பிறகு, "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தா" என்று சொல்லிப் பிரயோசனமில்லை.