ஜொகூரில் வீடு, நிலம் வாங்கப் போகிறீர்களா? பணத்துக்கு முன் பட்டாவைப் பாருங்கள்

ஜொகூர் பாரு – புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்சையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில் திட்டம், 2025 ஜனவரி 7-இல் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் ஆகியவற்றால் மாநிலத்தில் சொத்து வாங்கும் ஆர்வம் கூடியுள்ளது. தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தையும் சேமநிதிப் பணத்தையும் முதன்முறையாக இதில் போட நினைப்போரும், முகவர் தொழிலுக்கு வரும் இளைஞர்களும் தெரிந்திருக்க வேண்டியவை இங்கே.

முகவர் பதிவு பெற்றவரா?

சொத்து முகவர் தொழிலை 1981-ஆம் ஆண்டின் 242-ஆவது சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதிவு பெற்ற முகவரின் நிறுவனத்தில் பணிபுரியும் பேரப் பேச்சாளருக்கு 'ஆர்.இ.என்.' எண் கொண்ட, படத்துடன் கூடிய அட்டை இருக்கும். அந்த எண்ணை எல்.பி.பி.இ.எச். எனப்படும் வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பணம் யார் கணக்கில் போகிறது?

முன்பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கில் மட்டுமே செலுத்தி ரசீது பெற வேண்டும். "என் கணக்கில் போடுங்கள், நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று யார் சொன்னாலும், தெரிந்தவராக இருந்தாலும், அங்கேயே நின்றுவிடுவது நல்லது. புதிய வீடமைப்புத் திட்டமானால் மேம்பாட்டாளரின் உரிமம், விளம்பர அனுமதி ஆகியவற்றின் எண்களைக் கேளுங்கள்.

பட்டாவில் என்ன இருக்கிறது?

கட்டணம் செலுத்தி எவரும் நிலப் பதிவேட்டைப் பார்வையிட விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் பெயர், வங்கிக் கடன், காவியட் எனும் தடை, குத்தகை முடியும் ஆண்டு ஆகியவை அதில் தெரியும். மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலமா, விற்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

'ஒரு லாட்' விவசாய நிலம் வாங்கலாமா?

தோட்டப்புற மக்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். தேசிய நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தைத் துண்டாகப் பிரித்துத் தனிப் பட்டா பெற, ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் குறையக்கூடாது. 5,000 சதுர அடி, 10,000 சதுர அடி என்று வேலி போட்டு விற்கப்படும் விவசாய நிலத்துக்கு அந்த நிலையில் தனிப் பட்டா கிடைக்காது. வாங்கியவர் கையில் இருப்பது விற்றவருடன் செய்த ஒப்பந்தம் மட்டுமே. அதில் வீடு கட்ட, நிலப் பயன்பாட்டை மாற்ற மாநில அரசின் அனுமதி தேவை. "பிறகு மாற்றித் தருகிறோம்" என்ற வாக்குறுதி அனுமதி ஆகாது.

மற்ற செலவுகள் என்ன?

5 லட்சம் வெள்ளி சொத்தின் உரிமை மாற்றத்துக்கு, விலக்கு எதுவும் இல்லையெனில், முத்திரை வரி 9,000 வெள்ளி. மூன்றாவது வீட்டுக் கடன் முதல் வங்கி 70 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்காது. வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் குடிமக்களுக்கு லாபத்தில் 30 விழுக்காடு வரி; நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. சீக்கிரம் விற்று லாபம் பார்க்கலாம் என்போர் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

புதிய முகவர்களுக்கு

பேரப் பேச்சாளராக இரண்டு நாள் சான்றிதழ்ப் பயிற்சி கட்டாயம். அதன்பின் ஒரு நிறுவனத்தின்கீழ் மட்டுமே இயங்க முடியும். தரகுக் கட்டணம் நிறுவனத்துக்கே சேரும். வீடு, நில விற்பனைக்கு அதன் உச்சவரம்பு 3 விழுக்காடு. பட்டாவை வாடிக்கையாளரிடம் காட்டாமல் முன்பணம் கேட்காத முகவரைத்தான் மக்கள் அடுத்த முறையும் தேடி வருவார்கள்.

கையெழுத்திடுமுன் சொந்தமாக ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வது அவசியம். விற்பவரின் வழக்கறிஞர் விற்பவருக்காகவே வேலை செய்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.