ஆடு புலி ஆட்டம்: ஒரு த்ரெட்

1/ போன மாசம் எங்க வார்டு வராந்தாவுல ஒரு பெரியவர்கிட்ட வரிசையா நாலு ஆட்டம் தோத்தேன். எதிர்ல இருந்தது புளியங்கொட்டையும் மூணு கல்லும்தான். அந்த ஆட்டத்தோட கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

2/ ராயக்கோட்டை பக்கம் இதை ஆடு புலி ஆட்டம்னு சொல்வோம். தெலுங்கு பேசுறவங்களுக்குப் புலி ஜூதம், கன்னடத்துல ஆடு ஹுலி ஆட்டா. மூணு மொழியும் கலந்து பேசுற ஊர் இது. மொழி எதுவானாலும் கட்டம் அதேதான்.

3/ கட்டம் போடுறது சுலபம். உச்சியில ஒரு புள்ளி. அதுலேர்ந்து கீழ நாலு கோடு. குறுக்க மூணு கோடு, ரெண்டு பக்கமும் வெளிய நீட்டி ஓரத்தை மூடிடணும். அடியில ஒரு கோடு. எண்ணிப் பாருங்க: உச்சி 1, மூணு குறுக்குக் கோட்டுல ஆறு ஆறா 18, அடியில 4. மொத்தம் 23 புள்ளி.

4/ புலி 3, ஆடு 15. ஆடுகளை ஒவ்வொண்ணா வைக்கணும். எல்லாம் இறங்குற வரைக்கும் எந்த ஆடும் நகரக் கூடாது. பக்கத்துல ஆடு நின்னு, அதுக்கு நேர் பின்னாடிப் புள்ளி காலியா இருந்தா, புலி தாண்டி வெட்டிடும். ஆட்டால வெட்ட முடியாது. மூணு புலியையும் நகர விடாம அடைச்சாத்தான் அதுக்கு ஜெயம்.

5/ இதுதான் இந்த ஆட்டத்தோட அழகு. சதுரங்கத்துல ரெண்டு பக்கமும் சம படை. இங்க ஒரு பக்கம் பலம், இன்னொரு பக்கம் எண்ணிக்கை. பெரியவர் சொன்ன சூத்திரம்: "ஆட்டுக்குப் பின்னாடி ஆடு நிக்கணும் சார். முதுகு காலியா இருந்தா செத்துச்சு."

6/ இந்த வகை ஆட்டம் நம்ம ஊர்ல மட்டும் இல்ல. நேபாளத்துல பாக் சால்: 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. ரெண்டு பேரும் தப்பே பண்ணாம ஆடினா அது சமன்ல முடியும்னு கணினி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க. ஐரோப்பாவுல நரியும் வாத்துகளும்னு ஒண்ணு உண்டு.

7/ எவ்வளவு பழசு? "2000 வருஷம்"னு ஃபார்வர்டு வரும். நிதானமா பார்ப்போம். ஹம்பியிலயும் நம்ம கோயில் மண்டபத் தரைகள்லயும் கட்டங்கள் செதுக்கியிருக்கு. ஆனா மண்டபத்தோட வயசு கட்டத்தோட வயசு ஆகாது. நேத்து மதியம் வெயிலுக்கு ஒதுங்கினவர்கூட உளி எடுத்துக் கீறியிருக்கலாம்.

8/ பலகை ஆட்டம் பொதுவா நமக்கு ரொம்பப் பழசுங்கிறதுல சந்தேகமே இல்ல. கீழடியில தந்தப் பகடையும் ஆட்டக் காய்களும் கிடைச்சிருக்கு. புறநானூறு 52-ஆம் பாட்டுல, பாழடைஞ்ச பொதியில்ல நரைச்ச கிழவர்கள் காய் வச்சு வச்சுத் தேஞ்ச குழிகள்ல இப்ப காட்டுக்கோழி முட்டையிடுதுன்னு மருதன் இளநாகனார் காட்டுறார். அந்த ஆட்டத்தோட பேர் வல். ஆடு புலி இல்ல.

9/ ஆனா அந்தக் காட்சி என்னை விடல. ஊர் அழிஞ்சதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்தது ஆள் இல்லாத ஆட்டக் கட்டத்தை. உங்க ஊர் ஆலமரத் திண்ணையை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

10/ எங்க ஊர் மலைக்கோட்டைக்கும் ஒரு புலிக்கதை உண்டு. புலியைச் சின்னமா வச்ச திப்புவோட கோட்டை இது. 1791 ஜூலையில கம்பெனிப் படை பிடிச்சது. அடுத்த வருஷம் கம்பெனி, மராட்டியர், நிஜாம்னு மூணு பக்கமும் சேர்ந்து அடைச்சப்புறம்தான் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துல உடன்படிக்கைக்கு வந்தார். பாதி ராஜ்ஜியம் போச்சு, பாராமகாலும் அதோட போச்சு. இந்தத் தரப்பை ஆடுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா அடைச்ச விதம் அதேதான்.

11/ இப்ப பெரியவர் கதை. (அடையாளம் மாத்தியிருக்கேன்.) ஆடு மேய்க்கிறவர். பல வருஷச் சர்க்கரை, கால் விரல் கறுத்துப்போய் வந்தார். விரலை எடுத்தா பாதத்தைக் காப்பாத்தலாம். "முழுசா வந்தேன், முழுசாவே போறேன்"னு கையெழுத்துப் போட மறுத்துட்டார். பசங்க ஓசூர்ல ஷிஃப்ட் வேலை. பக்கத்துல யாரும் இல்ல.

12/ சாயங்காலம் வராந்தாவுல சாக்பீஸ்ல கட்டம் போட்டு உக்காந்திருந்தார். நான் புலி. நாலாவது ஆட்டத்துல ஒரு ஆட்டை வேணும்னே விட்டார். ஆசையா வெட்டினேன். அடுத்த ரெண்டு நகர்த்தல்ல மூணு புலியும் அடைஞ்சுபோச்சு.

13/ "ஐயா, அந்த ஒரு ஆட்டை ஏன் விட்டீங்க?"ன்னு கேட்டேன். "விடலைன்னா மத்ததெல்லாம் போயிருக்கும் சார்"னார். சொன்னதுக்கப்புறம் ரொம்ப நேரம் தன் காலையே பார்த்துட்டு இருந்தார். நான் ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில ரவுண்ட்ஸ்ல அவரே கேட்டார்: "எங்க கையெழுத்துப் போடணும்?"

14/ விரல் போச்சு, பாதம் தங்குச்சு. இப்ப டிரெஸ்ஸிங்குக்கு வர்றார். வந்தா ஒரு ஆட்டம் உண்டு.

15/ டாக்டரா ஒரு வரி: 2003-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வு. 75 வயசு தாண்டின 469 பேரைப் பல வருஷம் கவனிச்சாங்க. படிக்கிறது, பலகை ஆட்டம், இசைக்கருவி, நடனம்னு இருந்தவங்களுக்கு மறதி நோய் குறைவா வந்தது. ஆட்டம்தான் காரணம்னு அது நிரூபிக்கல. ஆனா ஆடுறதுல பக்க விளைவு ஒண்ணும் இல்ல.

16/ ஒரே வேண்டுகோள். ஊருக்கு ஊர் விதி மாறும். சில இடத்துல புலிகள் முதல்லயே உச்சியில நிக்கும், சில இடத்துல ஆட்டோட மாத்தி மாத்தி இறங்கும். எல்லாம் பெரியவங்க தலைக்குள்ளதான் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை தாத்தா பாட்டியோட ஒரு ஆட்டம் ஆடுங்க, உங்க ஊர் விதியைக் கீழ எழுதுங்க. தோத்தாலும் பரவாயில்ல, நானே நாலு தடவை தோத்தவன்.